தலையாட்டினால் கேட்காது

என் அக்கா பிரம்மி சென்னை விமான நிலையத்தில் வேலை செய்கிறாள் என்று சொன்னால் செஞ்சியில் எல்லோரும் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். பைலட்டா என்பார்கள். இல்லை என்றால் ஏர்ஹோஸ்டஸா என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் முகம் தொங்கிவிடும். கூட்டு ரோட்டில் பம்புசெட் கடை வைத்திருக்கிற எனக்கு, பைப் வாங்க வருகிறவர்களிடம் இதை விளக்கி விளக்கியே பாதி வியாபாரம் போயிற்று.

விமானம் பறப்பதைப் பற்றி அக்காவுக்குக் கவலையே கிடையாது. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கதவை மூடிய விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுதளத்தின் வாசல் வரை உருண்டு போகிறதே, அந்தத் தரைப் பயணம்தான் அவள் பொறுப்பு. இறங்கிய விமானம் தன் இடத்துக்கு வந்து சேருவதும் அப்படியே. உயரமான கோபுரத்தில் உட்கார்ந்து மைக்கில் அவள் சொல்லாமல் கீழே ஒரு சக்கரம் சுற்றக் கூடாது. இதைக் கேட்டுச் சட்டென்று புரிந்துகொண்ட ஒரே ஆள் பஸ் கண்டக்டர் தங்கராஜ்தான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு பொம்பளை இருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும் என்று பெருமூச்சு விட்டார்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. எங்கள் குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்தது அந்தச் சட்டம்தான். இந்த வழியாகப் போ, அங்கே திரும்பு, ஓடுதளத்துக்கு முன்னால் நில் என்று அக்கா சொன்னால், பைலட் தன் விமானத்தின் பெயரோடு அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ரீட்பேக் என்று பெயர். வெறுமனே ‘சரி’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டாள். சரி என்றால் அவனுக்குக் காது இருக்கிறது என்றுதான் தெரியும், காதுக்குள் என்ன போனது என்று தெரியாது என்பாள். ஒருமுறை களைத்துப்போன ஒரு பைலட், நில் என்று இவள் சொன்னதைக் கடக்கிறேன் என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார். சக்கரம் அசைவதற்குள் இவள் பிடித்துத் திருத்தி, மறுபடியும் சொல்ல வைத்தாள். அந்த நேரம் ஓடுதளத்தில் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஊருக்கு வந்தபோது இதை எங்களிடம் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு ஆரம்ப காலம் இருந்தது. பயிற்சியின்போது பொம்மை விமான நிலையம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்து அறையிலிருந்து பயிற்சியாளர் அம்மாள் பைலட் மாதிரி பேசுவாராம். முதல் நாள் அவர், நான் பின்னால் நகரலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா தலையாட்டியிருக்கிறாள். மறுபடியும் கேட்டார். இவள் இன்னும் மரியாதையாக, பெரியவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி நன்றாக ஆட்டினாள். திரையில் விமானங்கள் கல்யாணப் பந்தி வரிசை மாதிரி நிற்கத் தொடங்கின. கடைசியில் அந்த அம்மாள் எழுந்து வந்து கதவைத் திறந்து பார்த்தாராம். இவள் அவரைப் பார்த்தும் தலையாட்டினாள். உன் தலை ரேடியோவில் வராது அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்காவை மடக்க எனக்கு இருக்கிற ஒரே ஆயுதம் இந்தக் கதைதான்.

ஆனால் இதில் அக்கா மேல் மட்டும் தப்பு சொல்ல முடியாது. எங்கள் வீடே அப்படி. நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற எங்கள் அப்பா மகாவீரன் மல்லாட்டை வியாபாரி, வெளியூரில் வேர்க்கடலை என்பார்கள். வீட்டில் அவர் பேசுகிற பாஷையில் ஒரே ஒரு எழுத்துதான், ‘ம்’. சாப்டியா என்றால் ம். மழை வருமா என்றால் ம். வாழை இலை வாங்கிட்டு வா என்று அம்மா சொன்னாலும் ம். ஆனால் இலை வராது. எங்கள் அம்மா ஜெயமாலா இந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டாள். அக்கா லீவில் வரும்போதெல்லாம் நைனாவை நிறுத்தி, நான் இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு என்பாள். நைனா என்னைப் பார்ப்பார். நான் பைப் எண்ணப் போய்விடுவேன்.

எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தவளுக்குக் கல்யாண விஷயம் மட்டும் தெளியவே இல்லை. மூன்று பேர் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, போய்ச் சொல்லி அனுப்புறோம் என்றார்கள். வேண்டாம் என்றால் மனசு நோகுமாம். வேண்டும் என்று உடனே சொன்னால் கௌரவம் போகுமாம். அதனால் எல்லோருக்கும் பொதுவாக இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெண் வீட்டுக்காரர்கள் போன் பண்ணிக் கேட்கக் கூடாது, அது முறையில்லை. கேட்காமலே நாள் போகும், அதுவே பதில் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். ஒரு மாட்டைப் பார்க்க வந்தவன்கூட படியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

அக்கா வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். மூன்றாவது ஆள் போன பிறகு அம்மாவிடம், இனி ஒரே ஒரு தடவைதான் உட்காருவேன், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்காதே என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. நைனாவின் ‘ம்’ கூடக் கொஞ்சம் கம்மிப் போனது.

அந்த ஒரு தடவைக்கு வந்தவர் பத்மகுமார். விழுப்புரத்தில் கால்நடை டாக்டர். அவரோடு அவர் அம்மாவும், தாய்மாமன் நாபிராஜும் வருவதாக ஏற்பாடு. எங்கள் சமணர் வீடுகளில் பொழுது சாய்ந்தால் பெரியவர்கள் வாயில் ஒன்றும் போட மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் அம்மா அன்றைக்கே படுத்த படுக்கையாகிவிடுவாள். ஆகவே அந்திக்குள் வந்துவிட வேண்டும் என்று நாபிராஜ் மாமாவிடம் பலமுறை சொல்லியிருந்தோம். அவரும் சரி சரி என்றார்.

மத்தியானம் போன் பண்ணினேன். வந்துட்டே இருக்கோம் என்றார். பின்னால் யாரோ குளிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பண்ணினேன். இதோ கிட்டத்துல என்றார். லைவ் லொகேஷன் அனுப்புங்க மாமா என்றேன். அதெல்லாம் எதுக்கு, வந்துட்டோமே என்றார். வாழைக்காய் சீவி வைத்தது கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா எண்ணெயை அடுப்பில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். மூன்றாவது தடவையும் கிட்டத்துல என்றதும், பட்டுப்புடவையோடு உள்ளேயிருந்து வந்த அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். முன்சீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள் என்றாள். முன்சீட்டில் இருந்தது மாப்பிள்ளை.

“இப்ப உங்களுக்கு இடது பக்கம் இன்னா தெரியுது?” என்று கேட்டாள்.

கொஞ்சம் நிதானித்து அந்தக் குரல் சொன்னது. “இடது பக்கம் மண்டகப்பட்டு போர்டு. வலது பக்கம் மல்லாட்டைக் கொல்லை. முன்னாடி கரும்பு டிராக்டர். பின்னாடி மாமா, சொல்லாதடான்னு தோளக் கிள்ளறாரு. கிட்டத்துல இல்லீங்க, பாதி வழிதான் வந்திருக்கோம்.”

அக்கா எண்ணெயை இறக்கச் சொல்லி அம்மாவுக்குக் கை காட்டினாள். பிறகு மூச்சு விடாமல் வழி சொன்னாள். இன்றைக்குச் சந்தை, கடைத்தெரு வழியாக வர வேண்டாம். கூட்டு ரோட்டில் திரும்பி டிராக்டர் ஷோரூமைத் தாண்ட வேண்டும். இரும்பு கேட் வைத்த சந்துக்கு முன்னால் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து தண்ணி டேங்கர் வரும், அதனால் என் தம்பி கை காட்டாமல் நுழையக் கூடாது.

வழக்கமாக இந்த இடத்தில் எவனும் சரிங்க என்று சொல்லி வைத்துவிடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“சந்தை, அதனால கடைத்தெரு வேணாம்,” என்றார் அவர். “கூட்டு ரோட்டுல திரும்பறோம். ஷோரூம் தாண்டறோம். இரும்பு கேட் சந்துக்கு முன்னாடி நிக்கறோம். டேங்கர் வருது, தம்பி கை காட்டாம உள்ள வர மாட்டோம்.”

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் வைத்துவிட்ட பிறகும் அப்படியே நின்றாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பஜ்ஜி மாவில் கையை வைத்தபடி அம்மாவும் பார்த்தாள். மாப்பிள்ளை இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை, எங்கள் வீட்டில் ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

சொன்னபடி வந்தார்கள், சொன்ன இடத்தில் நின்றார்கள். நான் கை காட்டிய பிறகுதான் கார் உள்ளே வந்தது. ஆனால் அதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நாபிராஜ் மாமா தட்டைத் தொடாமல், பொழுது போயிடுச்சேம்மா என்று கையைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. சூரியன் இன்னும் அஸ்தமிக்கவில்லை, நடுவில் மலை மறைக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஆபீசில் அஸ்தமன நேரத்தைத் தினமும் அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. மாமா மலையைப் பார்த்தார், பஜ்ஜியைப் பார்த்தார். அரசாங்கமே சொன்னப்புறம் நாம இன்னா சொல்றது என்று எடுத்துக்கொண்டார். பஜ்ஜி தீர்ந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு மலையின் மேல்தான் கோபம் இருந்திருக்கும்.

பெண்ணும் பையனும் மாடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் துணைக்கு என்ற பெயரில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றேன். வழியைத் திருப்பிச் சொல்ல உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அக்கா கேட்டாள். யாரும் இல்லையாம். போனில் மாட்டுக்கு மருந்து சொன்னால் விவசாயிகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வாராம், இல்லாவிட்டால் மேலே தடவுகிறதை வாயில் ஊற்றிவிடுகிறார்களாம். அவர்களோடு பழகிப் பழகித் தனக்கும் அது தொற்றிக்கொண்டது என்றார். அக்கா சிரித்தாள். பிறகு, நான் மட்டுமே வைத்திருந்த அந்தத் தலையாட்டிய கதையை அவளே தன் வாயால் அவரிடம் சொன்னாள். என் ஆயுதம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

கிளம்பும்போது நாபிராஜ் மாமா செருப்பை மாட்டிக்கொண்டே, போய்ச் சொல்லி அனுப்புறோம் என்றார்.

நைனா, “ம்,” என்றார்.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் வந்தது. அக்கா சென்னையில் விமானங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். போனில் பேசினால் மழை, கரண்ட், கடை என்று எல்லாம் கேட்பாள், அதை மட்டும் கேட்க மாட்டாள். ஒரு நாள், அது முடிஞ்சுதுடா வர்த்தமான், விடு என்றாள். நாபிராஜ் மாமா தின்ற ஒவ்வொரு பஜ்ஜியையும் நான் மனசுக்குள் திட்டினேன்.

மேல்சித்தாமூர் சமணக் கோயில் தேருக்கு நைனா போய் வந்த மறுநாள் அக்கா லீவில் வந்தாள். சாப்பிடும்போது நைனா தானாகவே, தேர்ல நாபிராஜப் பார்த்தேன் என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா எழுந்து வந்து நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். விபத்து நடந்த இடத்தில் விசாரிக்க வந்த அதிகாரி அப்படித்தான் உட்காருவார் போல.

“அவரு இன்னா சொன்னாரு?”

“நம்ம விஷயம்னு ஆரம்பிச்சாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“ம்னேன்.”

“அப்புறம்?”

“அவரும் ம்னாரு.”

“அப்புறம்?”

நைனா யோசித்தார். “பொங்கல் குடுத்தாங்க. சாப்ட்டோம்.”

நாபிராஜ் வேண்டாம் என்று சொல்லத்தான் ஆரம்பித்திருப்பார், அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல வைப்பானேன் என்று நைனா ‘ம்’ போட்டு முந்திக்கொண்டாராம். என் பொண்ணைப் பத்தி அந்த வார்த்தையக் கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நைனா அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்கா அங்கேயும் தன் வேலையை விடவில்லை. ஒரே பாதையில் எதிரெதிரே நிற்கிற ரெண்டு விமானம், நீ முதல்ல போ என்று ஒன்றுக்கொன்று மரியாதை காட்டி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்குது, டீசல்தான் வீணாகுது என்றாள். விமானத்துக்கு டீசல் இல்லை என்று எனக்கே தெரியும், கோபத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். போனை எடுத்தாள். பெண் வீட்டிலிருந்து பண்ணக் கூடாதுடி என்று அம்மா பதறினாள். அக்கா நம்பரைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரை ஆன் செய்து போனைத் தரையில் வைத்தாள். ரேடியோவில் பேசுவது அந்த வரிசையில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும், அதுதான் முறை என்றாள். அம்மா போனுக்காக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எடுத்ததும் ஒரு மாடு கத்தியது. பிறகு அவர் குரல், ஒரு நிமிஷம், ஊசி பாதியில இருக்குது என்றது. நிக்கறேன் என்றாள் அக்கா. நாங்கள் நாலு பேரும் அந்தப் பசுவுக்காகக் காத்திருந்தோம்.

“செஞ்சி பிரம்மி பேசறேன்,” என்றாள் அவர் திரும்பி வந்ததும். “உங்க பக்கத்துலேர்ந்து எங்களுக்குப் பதில் வரல. உங்க முடிவு இன்னா?”

“எனக்குச் சம்மதம். அன்னைக்கு உங்க வீட்டு மாடியிலயே சம்மதம்,” என்றார் அவர். அந்தச் சம்மதத்தைப் பெண் வீட்டில் சொல்லிவிட்டேன் என்றுதான் மாமா அவரிடம் சொன்னாராம். பெண் வீட்டில் ம் என்று நிறுத்திக்கொண்டார்கள், அவர்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்றும் சொன்னாராம்.

நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“உங்களுக்குச் சம்மதம். அன்னைக்கே சம்மதம்,” என்று திருப்பிச் சொன்னாள் அக்கா. குரல் நடுங்கவில்லை. கால் விரல் மட்டும் தரையைக் கீறியது.

“சரிதான். உங்களுக்குச் சம்மதமா?” என்றார் அவர்.

அக்கா தலையாட்டினாள்.

ஹலோ என்றார் அவர். அக்கா மறுபடியும் ஆட்டினாள், இந்தத் தடவை கண்ணில் தண்ணீரோடு. அம்மா ஆட்டினாள். அவளைப் பார்த்து நானும் ஆட்டினேன். அந்தச் சின்னப் போனைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் ஆட்டிக்கொண்டே இருந்தோம். அந்தப் பக்கம் மாடு ஒன்றுதான் பதில் பேசியது.

“தலையாட்டறீங்களா?” என்று கேட்டார் அவர்.

அக்கா அதற்கும் தலையாட்டினாள்.

அப்போது நைனா நகர்ந்து வந்தார். சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனுக்கு மேல் குனிந்து, கிணற்றுக்குள் கூப்பிடுகிற மாதிரி பேசினார்.

“மாப்ள, செஞ்சி மகாவீரன் பேசறேன். என் பொண்ணு தலையாட்டிட்டா, நான் என் கண்ணால பார்த்தேன். அவளுக்குச் சம்மதம். எனக்குச் சம்மதம், எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். இப்ப நான் இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க.”

அவர் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். தலையாட்டியதையும், நைனா கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னார். நைனா நிமிர்ந்து, சரியா என்கிற மாதிரி அக்காவைப் பார்த்தார்.

“சரியா சொன்னாரு நைனா,” என்றாள் அக்கா, வாயைத் திறந்து, சத்தமாக.